பைத்தானில் படிவம் அனுப்பினால் '&'-க்குப் பின்னால் இருப்பது காணாமல் போகிறது

மண்டபம்_பையன்:
மண்டபத்தில் ஒரு நண்டு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எந்தப் படகு, என்ன சரக்கு, எத்தனை கிலோ என்று தினமும் ஏற்றுமதிக்காரரின் தளத்தில் தட்டித் தட்டிக் கை ஓய்ந்துபோகிறது. அதனால் பைத்தான் 3-இல் ஒரு ஸ்கிரிப்ட். பெயர், மதிப்பு எல்லாவற்றையும் = & வைத்து நானே ஒட்டி, யுஆர்எல்லிப் (பைத்தானோடு வரும் இணைய நூலகம்) வழியாக போஸ்ட் செய்கிறேன். 'நண்டு & கணவாய்' அனுப்பினால் அங்கே 'நண்டு' மட்டும் விழுகிறது. போன் நம்பரில் +91-இன் கூட்டல் குறி போய் வெற்றிடம் வருகிறது. அதிலுள்ள யுஆர்எல்என்கோட் (புலங்களைப் படிவ வடிவில் கட்டித் தரும் ஃபங்ஷன்) போட்டால் டைப் எர்ரர், பைட் கேட்கிறது. ஜூன் 14 தடைக்காலம் முடிவதற்குள் இது ஓடியாக வேண்டும்.

கீழக்கரை_கோடர்:
ரிக்வெஸ்ட்ஸ் என்ற தனி நூலகத்துக்கு மாறுங்கள். டிக்‌ஷனரியை (பெயர்-மதிப்பு ஜோடிகளை) டேட்டா= என்று கொடுத்தால் போதும்.

தென்கடல்:
மாறலாம், ஆனால் காரணம் தெரிந்துகொண்டு மாறு தம்பி. படிவ வடிவத்தில் & வந்தால் ஒரு புலம் முடிந்தது என்று பொருள், + வந்தால் வெற்றிடம். உன் கணவாயை சர்வர் தனிப் புலமாக எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். யுஆர்எல்என்கோட் அந்த & குறியை %26 ஆக்கும், + குறியையும் அப்படியே மறைத்து அனுப்பும். அது தருவது ஸ்ட்ரிங், அதாவது எழுத்துச் சரம். யுஆர்எல்லிப் போஸ்டுக்குக் கேட்பது பைட், அதாவது அந்த எழுத்துகளின் எண் வடிவம். முடிவில் ஒரு .என்கோட்() சேர்த்தால் எர்ரர் போய்விடும்.

முக்கியமான இடம் ஒன்று: குவோட் (quote, ஒரு மதிப்பை மட்டும் % வடிவுக்கு மாற்றும் ஃபங்ஷன்) போட்டு ஒருமுறை மாற்றியதை மறுபடி யுஆர்எல்என்கோடிடமோ டிக்‌ஷனரியிலோ கொடுக்காதே. % குறியே %25 ஆகி, அந்தப் பக்கம் ஊர்ப் பெயருக்குப் பதில் குப்பை தெரியும். பலரும் இதில் மாட்டிக்கொண்டு தமிழ் எழுத்துருவைத் திட்டுவார்கள்.

ஒரு படகுக்கு இரண்டு மூன்று சரக்கை லிஸ்டாக வைத்தால் யுஆர்எல்என்கோடில் டூசீக்=ட்ரூ போடு, ஒவ்வொன்றும் தனிப் புலமாகப் போகும். போடாவிட்டால் சதுர அடைப்புக்குறி, மேற்கோள் எல்லாம் சேர்ந்து ஒரே மதிப்பாகப் போகும். ரிக்வெஸ்ட்ஸுக்கு இது தேவையில்லை.

அப்புறம், தளத்துக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓட்டு. அவர்கள் சர்வர், அவர்கள் இஷ்டம்.

மண்டபம்_பையன்:
ஓடுகிறது அண்ணே! ஆனால் 'மண்டபம்' என்ற ஒரு சொல் 63 குறியாகப் போகிறதே, பரவாயில்லையா?

தென்கடல்:
யுடிஎஃப்-8-இல் (எழுத்தைப் பைட்டாக்கும் முறை) ம, ண, புள்ளி என்று 7 குறியீடு, ஒவ்வொன்றும் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் % சேர்ந்து 3 எழுத்து. கணக்கு சரி. போஸ்டில் இது முகவரியில் இல்லாமல் கோரிக்கையின் பாடிக்குள் போவதால் கவலை இல்லை. கெட் முறையில், அதாவது முகவரியோடு சேர்த்து அனுப்பினால்தான் பார்க்க வேண்டும்: அப்பாச்சி சர்வர் மாற்றாமல் விட்டால் கோரிக்கை வரிக்கு 8190 பைட் வரைதான் ஏற்கும். நீளமான தமிழ்க் குறிப்பு அதை எளிதாகத் தாண்டும், 414 (முகவரி மிக நீளம்) என்ற பிழை வரும்.

மண்டபம்_பையன்:
எடைச் சீட்டைப் போட்டோ எடுத்துச் சேர்க்கவும் இதே வழிதானா?

கீழக்கரை_கோடர்:
இல்லை, அது மல்டிபார்ட், கோப்பையும் புலங்களையும் பகுதி பகுதியாகப் பிரித்து அனுப்பும் வடிவம். ரிக்வெஸ்ட்ஸில் ஃபைல்ஸ்= போடுங்கள், மற்ற புலங்கள் டேட்டா=-விலேயே இருக்கட்டும். கன்டென்ட் டைப் ஹெடரை மட்டும் கையால் எழுதாதீர்கள். பகுதிகளைப் பிரிக்கும் பவுண்டரி குறி விடுபட்டு சர்வர் ஒன்றையும் படிக்காது.