சியாபாஸ் மாயர்கள் அரசு உதவியை மறுப்பது சரியா?

வெண்ணிலவன்:
மெக்சிகோவின் தென்கோடியில் உள்ள சியாபாஸ் மாநிலத்தில், வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த 1994 ஜனவரி 1 அன்றே ஆயுதமேந்தி எழுந்த ஜபாடிஸ்டாக்கள் என்னும் பழங்குடி உழவர் இயக்கத்தினரின் தன்னாட்சி ஊர்களில், அரசின் மானியமோ உதவித்தொகையோ எதையும் பெறுவதில்லை என்பது இன்றும் விதியாக இருக்கிறது. அவர்களுள் பெரும்பாலோர் சோட்சில், செல்தால், தோஹோலபால், சோல் மொழிகளைப் பேசும் மாயர்கள். அந்த மக்கள்மீது எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு. ஆயினும் இந்த மறுப்பு தவறென்றே நினைக்கிறேன். 2019இல் தொடங்கிய 'வாழ்வை விதைத்தல்' திட்டம், மரமும் பயிரும் சேர்த்து வளர்க்கும் உழவருக்கு மாதம் 5,000 பெசோ கொடுத்தது. அண்டை வீட்டில் அந்தப் பணம் வரும்போது, தன் வீட்டில் சோளமும் அவரையும் மட்டுமே இருப்பதைக் காணும் இளைஞன் வடக்கே வேலை தேடிப் போகிறான். ஊர்க்கூட்டம் எடுக்கும் முடிவின் சுமை பிள்ளைகளின் தலையில் அல்லவா விழுகிறது?

மலைச்சாரல்:
வெண்ணிலவன் அவர்களே, உதவியை மறுத்ததால் வறுமை வந்தது என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். நடந்த வரிசை வேறு. 1989இல் எந்த நாடு எவ்வளவு காப்பி ஏற்றுமதி செய்யலாம் என்று வரையறுத்த பன்னாட்டுக் காப்பி ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை முறிந்து விலை பாதியளவுக்குச் சரிந்த அதே காலத்தில், சிறு உழவரிடம் கொள்முதல் செய்துவந்த அரசுக் காப்பி நிறுவனத்தையும் மெக்சிகோ கலைக்கத் தொடங்கியது. 1992இல் அரசியலமைப்பின் 27ஆம் பிரிவைத் திருத்தி, நிலமற்றோருக்கு நிலம் வழங்கும் கடமையை அரசு கைவிட்டதோடு, எஹிதோ எனப்படும் ஊர்ப்பொது நிலத்தை விற்பதற்கும் வழிதிறந்தது. பல ஆண்டுகளாக மனுக் கொடுத்துக் காத்திருந்த குடும்பங்களுக்கு அன்றே கதவு மூடப்பட்டது. 1996 பிப்ரவரியில் பழங்குடியினரின் உரிமைகளையும் தன்னாட்சியையும் ஏற்று ஜபாடிஸ்டாக்களோடு செய்த சான் ஆந்த்ரேஸ் உடன்படிக்கையில் ஒப்பமிட்ட அரசு, 2001இல் அதன் சாரத்தை நீக்கிய சட்டத்தையே நிறைவேற்றியது. இப்படி வாக்கு மாறிய கையிலிருந்து வரும் பணத்தை அவர்கள் எப்படி நம்புவார்கள்? 1997 டிசம்பரில், காப்பி அறுவடைக் காலத்தில், ஆக்தேயால் சிற்றூரில் வழிபாட்டில் இருந்த சோட்சில் மக்கள் 45 பேரைத் அன்றைய ஆளுங்கட்சி சார்பு ஆயுதக் குழுவினர் கொன்றதையும் மறக்க இயலாது. கொல்லப்பட்டவர்கள் ஆயுதம் ஏந்தாத 'தேனீக்கள்' அமைப்பைச் சேர்ந்தவர்கள்.

நெல்மணி:
உழவைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன். சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே நிலத்தில் வளர்க்கும் மில்பா வயிற்றை நிரப்பும். ஆனால் உப்பு, மருந்து, செருப்பு வாங்கப் பணம் வேண்டும், அது காப்பியிலிருந்துதான் வரவேண்டும். காப்பியை மலையடிவாரத்தில் வாங்கும் தரகரை அங்கே 'கோயோத்தே' என்பார்கள், அதாவது ஓநாய் இனத்து விலங்கு. அந்தத் தரகரைத் தவிர்ப்பதற்காகவே கூட்டுறவுகள் அமைத்து, ஐரோப்பாவின் ஆதரவுக் குழுக்களுக்கு நேரடியாக விற்றார்கள். மானியம் பெற்ற அமெரிக்கச் சோளத்தின்மீதான இறக்குமதிக் கட்டுப்பாடுகள் அந்த வணிக ஒப்பந்தத்தின்படி படிப்படியாகத் தளர்ந்து, 2008இல் முற்றிலும் நீங்கியபின், உபரிச் சோளத்தை விற்றுப் பிழைக்கும் வழியும் குறுகிவிட்டது. வெண்ணிலவன் குறிப்பிட்ட திட்டத்தில் சேர 2.5 ஹெக்டேர் நிலம் காட்டவேண்டும். தந்தையின் நிலம் நான்கு மகன்களுக்குப் பிரிந்துபோன குடும்பத்தில் யாரால் அதைக் காட்ட முடியும்?

வெண்ணிலவன்:
நெல்மணி சொன்ன நிலக்கணக்கை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை; அதை ஏற்கிறேன். ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. தன்னாட்சி என்பது மக்களைக் காக்கவும் வேண்டும். போதைக் கும்பல்களின் மோதலுக்கு அஞ்சி 2024 ஜூலையில் சியாபாஸின் எல்லை ஊர்களிலிருந்து பல நூறு பேர் குவாத்தமாலாவுக்குள் ஓடினார்கள். 2003இல் 'கரகோல்' எனப்படும் ஐந்து வட்டார மையங்களோடு அமைத்த நல்லாட்சிக் குழுக்களையும், தன்னாட்சி நகராட்சிகளையும் கலைப்பதாக 2023 நவம்பரில் ஜபாடிஸ்டாக்களே அறிவித்தார்கள். இதைத் தோல்வி என்று ஏன் சொல்லக்கூடாது?

மலைச்சாரல்:
மேல்மட்டக் குழுக்களில் அதிகாரம் தேங்குகிறது என்று தாங்களே கண்டு, ஒவ்வோர் ஊரும் தன்னைத்தானே ஆளும் உள்ளூர் ஆட்சிகளாக அதைப் பிரித்தார்கள். அதைத் தோல்வியென்று என்னால் ஏற்க முடியவில்லை. கும்பல்களைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானதே. ஆனால் அரசு ஆளும் ஊர்களிலிருந்தும் மக்கள் ஓடியிருக்கிறார்கள். உதவித்தொகை அவர்களைக் காக்கவில்லை. அதே 2023 டிசம்பரில் ஜபாடிஸ்டாக்கள் அறிவித்த இன்னொன்றையும் கவனியுங்கள். எழுச்சிக்குப்பின் பண்ணையாரிடமிருந்து மீட்ட நிலத்தில் ஒரு பகுதியைப் பத்திரமின்றி, உரிமையாளரின்றி, விற்கவோ போதைப்பயிர் விதைக்கவோ முடியாத பொதுநிலமாக்கி, அரசியல் கட்சிகளோடு நிற்கும் அண்டை ஊர்க்காரரையும் சேர்ந்து உழ அழைத்திருக்கிறார்கள். நெல்மணி சொன்ன அந்த நான்கு மகன்களில் நிலமில்லாதவன், அப்பா எந்தக் கட்சிக்கு வாக்களித்திருந்தாலும், அங்கே போய்ச் சோளம் விதைக்கலாம்.