எஃப்ஏஏ சிபிஎல் கையில் இருக்கிறது, ஐரோப்பாவில் ஓட்ட என்ன செய்ய வேண்டும்?

குறுக்குக்காற்று:

எல்லோருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவில் பயிற்சி எடுத்தவள். எஃப்ஏஏ என்ற அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு தந்த கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் (சிபிஎல்) இருக்கிறது, சிங்கிள் இன்ஜின், மல்டி இன்ஜின் இரண்டும், கூடவே கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்க இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (ஐஆர்). மொத்தம் பறந்தது 412 மணி நேரம். அடுத்து இன்ஸ்ட்ரக்டர் ஆகி மணி சேர்க்கலாம் என்று இருந்த நேரத்தில் கணவருக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்துவிட்டது, கோடையில் குடிபெயர்கிறோம். எனக்கும் அங்கே வேலை செய்ய அனுமதி உண்டு, அதனால் விசா பற்றிக் கேள்வி இல்லை, லைசென்ஸ் பற்றித்தான்.

மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று பதில். ஒரு பயிற்சிப் பள்ளியில் போனில் பேசியவர் ஆறு வாரத்தில் முடித்துவிடலாம் என்றார். கூடப் படித்த ஒருவர், ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது, வெறும் காகித வேலைதான் என்கிறார். இன்னொருவர் முதலிலிருந்து எல்லாம் படிக்க வேண்டும், போட்ட பணம் போனதுதான் என்கிறார். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. எது உண்மை? இன்னும் ஒன்று, இங்கேயே இருந்து 1500 மணி சேர்த்து ஏடிபி (ஏர்லைன் பைலட் லைசென்ஸ்) எடுத்துவிட்டு வந்தால் பரீட்சைகள் குறையுமா? எதை முதலில் செய்வது?

ஓடுபாதை27:

வணக்கம் சகோதரி. இதே வழியில் வந்து இப்போது இங்கே டர்போப்ராப் ஓட்டுகிறேன், அதனால் பட்டதைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும்.

போட்ட பணம் எங்கும் போகவில்லை. நீங்கள் பறந்த மணி உங்களுடையது, அது கூடவே வரும். வராதது பரீட்சை. அமெரிக்காவில் எழுதிய எதற்கும் இங்கே கணக்கில்லை. ஏர்லைன்தான் குறி என்றால் ஏடிபிஎல் (ஐரோப்பிய ஏர்லைன் பைலட் லைசென்ஸ்) தியரி, 13 தாள், ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் வாங்க வேண்டும். ஏர் லா, வானிலை, ஜெனரல் நேவிகேஷன், ரேடியோ நேவிகேஷன், பெர்ஃபார்மன்ஸ், மாஸ் அண்ட் பேலன்ஸ் என்று வரிசை போகும். அங்கே கமர்ஷியலுக்கு 100 கேள்வி, 70 எடுத்தால் பாஸ், ஒரே காலையில் முடிந்துவிடும். அதே மனநிலையில் இதற்குள் வந்தால் ஜெனரல் நேவிகேஷன் தாளில் அடி வாங்குவீர்கள். நான் வாங்கினேன், 68.

அந்த ஒப்பந்தம் நிஜம்தான், ஆனால் அது தனியார் விமானிக்கானது. பிபிஎல் (தனியார் பைலட் லைசென்ஸ்), இரவுப் பறத்தல், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், அவ்வளவுதான். சிபிஎல் அதில் இல்லை. உங்கள் நண்பர் தெரியாமல் சொல்லியிருப்பார், நிறையப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

ஆறு வாரம் என்று சொன்ன பள்ளி பறக்கும் பகுதியை மட்டும் சொல்லியிருக்கும். தியரியைச் சேர்த்துப் பாருங்கள். முழு ஏடிபிஎல் தியரி கோர்ஸ் 650 மணி நேரம், பெரும்பாலும் வீட்டிலிருந்து படித்துவிட்டு நடுவில் சில வாரம் மட்டும் வகுப்புக்குப் போகும் முறை. அந்நிய நாட்டு லைசென்ஸ் இருப்பவருக்குப் பயிற்சியில் எவ்வளவு தள்ளுபடி என்பதைப் பள்ளி மதிப்பிட்டுச் சொல்லும், ஆனால் அதை எழுத்தில் வாங்குங்கள். என்னிடம் ஒரு பள்ளியில் "உங்கள் மணிக்கு நாலைந்து ஃப்ளைட் போதும்" என்று வாயால் சொன்னார்கள், பணம் கட்டிய பிறகு முழு 25 மணி சிபிஎல் கோர்ஸுக்கு பில் வந்தது. செல்லுபடியான ஐஆர் இருப்பவருக்குக் குறைந்தபட்சம் 15 மணி விஷுவல் (வெளியே பார்த்துப் பறக்கும்) பயிற்சிதான் என்று விதியிலேயே இருக்கிறது, ஆனால் என் எஃப்ஏஏ ஐஆர் அப்போது இங்கே மாறியிருக்கவில்லை. வரிசையை மாற்றிச் செய்த வினை.

அதனால் வரிசைதான் முக்கியம். முதலில் கிளாஸ் 1 மெடிக்கல், அதாவது கமர்ஷியல் விமானிக்கான உடல்தகுதிச் சான்று. எஃப்ஏஏ ஃபர்ஸ்ட் கிளாஸ் இங்கே செல்லாது, முதல் முறை சாதாரண டாக்டரிடமும் போக முடியாது, ஏரோமெடிக்கல் சென்டருக்குத்தான் போக வேண்டும். ஈசிஜி, காது, நுரையீரல், ரத்தம், கண் என்று எல்லாம் பார்ப்பார்கள். அது கிடைக்கும்வரை புத்தகம் வாங்கக்கூடப் பணம் போடாதீர்கள், தயவுசெய்து. கண்ணில் ஏதாவது வந்துவிட்டால் 13 தாளையும் எழுதிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

மெடிக்கலுக்குப் போகும் முன்பே எந்த நாட்டு லைசென்ஸ் என்று முடிவு செய்துவிடுங்கள், ஏனென்றால் உங்கள் மெடிக்கல் ஃபைல் லைசென்ஸ் தரும் நாட்டில் இருக்க வேண்டும். நான் ஒரு நாட்டில் மெடிக்கல் எடுத்து இன்னொரு நாட்டில் லைசென்ஸ் கேட்டேன். ஃபைலை மாற்ற மூன்று மாதம். எல்லாம் பாஸ், கையில் ஒன்றும் இல்லை, வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்த மூன்று மாதம் அது.

1500 மணிக் கேள்விக்கு ஒரு வரிப் பதில்: ஏடிபியோடு வந்தாலும் அதே 13 தாள்தான். மணி சேர்ப்பது வேலை தேடும்போது உதவும், பரீட்சையைக் குறைக்காது.

மேகத்தடி:

மேலே சொன்னது எல்லாம் சரி. விட்டுப்போன ஒன்றைச் சொல்கிறேன், லாக்புக், அதாவது பறந்த மணியை எழுதும் குறிப்பேடு. நான் இன்ஸ்ட்ரக்டர், எஃப்ஏஏ ஆட்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

சகோதரி, உங்கள் 412 மணியில் பிஐசி (விமானத்தின் பொறுப்பு விமானியாகப் பறந்தது) எவ்வளவு என்று எழுதியிருக்கிறீர்கள்? எழுதியதை அப்படியே நம்பாதீர்கள். அமெரிக்க விதியில், அந்த வகை விமானத்துக்கு ரேட்டிங் இருந்தால், பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும்போதும் கன்ட்ரோல் உங்கள் கையில் இருந்த நேரத்தை பிஐசி என்று போட்டுக்கொள்ளலாம். அங்கே அது முற்றிலும் சரி. இங்கே அது டூயல் (இன்ஸ்ட்ரக்டரோடு பறந்தது), பிஐசி கணக்கில் வராது. நண்பர் வெளியே தெரியாதபடி முகமூடி போட்டு இன்ஸ்ட்ருமென்ட் பழக, நீங்கள் வெளியே கவனிக்கும் சேஃப்டி பைலட்டாகப் போய் பிஐசி போட்ட மணியும் அப்படித்தான். ஐஆர் பயிற்சி, கமர்ஷியல் பயிற்சி முழுக்க அந்தப் பத்தியில் இருந்தால் 200 என்று நினைத்தது 120 ஆகிவிடும். சிபிஎல்லுக்கு மொத்தம் 200 மணி, அதில் 100 மணி பிஐசி, அந்த நூறுக்குள் 20 மணி கிராஸ் கன்ட்ரி (ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பறப்பது). அந்த இருபதுக்குள் குறைந்தது 300 நாட்டிகல் மைல் போன ஒரு பயணம், வழியில் இரண்டு வேறு ஏரோட்ரோமில் முழுதாக இறங்கி நின்றிருக்க வேண்டும். உங்கள் எஃப்ஏஏ நீண்ட கிராஸ் கன்ட்ரி தனியாகப் போனதாக இருந்தால் இதற்குப் பொருந்தும். இன்ஸ்ட்ரக்டரோடு போயிருந்தால் பொருந்தாது, மல்டி இன்ஜினில் கமர்ஷியல் எடுத்தவர்களில் பலர் அப்படித்தான் போயிருப்பார்கள்.

ஐஆருக்கும் இதே சங்கதி. ஐரோப்பாவில் ஒரு நல்ல வழி இருக்கிறது: செல்லுபடியான வெளிநாட்டு ஐஆரும், ஐஎஃப்ஆரில் (கருவிவழிப் பறக்கும் விதிகளில்) பிஐசியாக 50 மணியும் இருந்தால் ஐஆர் கோர்ஸ் முழுக்கத் தள்ளுபடி, நேரே ஸ்கில் டெஸ்ட் (பறந்து காட்டும் பரீட்சை). ஏர் லா, வானிலை, ஃப்ளைட் பிளானிங் மூன்றையும் எக்ஸாமினர் அன்றைக்கு வாயால் கேட்பார். ஆனால் இதற்கு ஐரோப்பிய பிபிஎல்லோ சிபிஎல்லோ முதலில் கையில் இருக்க வேண்டும். அதனால்தான் அந்த ஒப்பந்தத்தை வேண்டாம் என்று ஒதுக்காதீர்கள் என்கிறேன், அது வழியாக பிபிஎல் வாங்கிக்கொண்டால் இந்தக் கதவு திறக்கும், நீங்கள் தியரி படிக்கும் காலத்தில் சும்மா இருக்காமல் பறக்கவும் முடியும்.

அந்த 50 மணியில் ஒரு சிக்கல். உங்கள் லாக்புக்கில் ஆக்சுவல், சிமுலேட்டட் என்று மேகத்துக்குள் அல்லது முகமூடியோடு இருந்த நேரம்தான் இருக்கும். இங்கே கேட்பது ஐஎஃப்ஆர் ஃப்ளைட் பிளானில் பறந்த மொத்த நேரம், வெளியே வெயில் அடித்தாலும் அது கணக்கு. அதனால் பழைய ஃப்ளைட் பிளான்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் தனிப் பத்தியில் எழுதுங்கள். என் மாணவர் ஒருவர் 11 மணி என்று நினைத்து வந்தார், மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து எண்ணினோம், 57 வந்தது.

குறுக்குக்காற்று:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இப்போதே லாக்புக்கை எடுத்துப் பார்த்தேன், பிஐசி 236 என்று போட்டிருக்கிறது, அதில் டூயலைக் கழித்தால் 131. சேஃப்டி பைலட்டாகப் போனது 14 மணி. கழித்தும் 117 நிற்கிறது, தப்பித்தேன். நீண்ட கிராஸ் கன்ட்ரி தனியாகத்தான் போனேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது, திரும்பும்போது எதிர்க்காற்றில் ஒரு மணி நேரம் கூடுதலாக ஆனது.

ஸ்கில் டெஸ்ட் எப்படி இருக்கும்? கமர்ஷியலுக்குப் பழகிய சாண்டெல், லேசி எய்ட் போன்ற திருப்பப் பயிற்சிகள் எல்லாம் மறுபடி கேட்பார்களா?

மேகத்தடி:

கேட்க மாட்டார்கள். அவை இங்கே பாடத்திலேயே இல்லை. இங்கே எடை முழுக்க நேவிகேஷன் மேல், அதுவும் பாதி வழியில் வரும் டைவர்ஷன் மேல். இப்படி நடக்கும்: நீங்கள் திட்டப்படி போய்க்கொண்டிருப்பீர்கள், இரண்டாவது லெக்கில் எக்ஸாமினர் வரைபடத்தில் ஒரு சின்ன ஊர் மேல் விரலை வைத்து, இங்கே வானிலை மோசம், அங்கே போவோம் என்பார். ஜிபிஎஸ் அணைத்திருக்கும். ஒரு கையில் யோக் (விமானத்தின் ஸ்டீயரிங்), தொடையில் வரைபடம். நன்றாகத் தெரியும் ஒரு அடையாளத்தின் மேல் வட்டமிட்டுக்கொண்டே பென்சிலால் ஒரு கோடு போட்டு, திசையைக் கண்ணால் கணித்து, காற்றுக்கு இத்தனை டிகிரி என்று திருத்தி, தூரத்தைக் கட்டைவிரலால் அளந்து, இத்தனை நிமிடத்தில் அங்கே இருப்போம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னபடி போய்ச் சேர வேண்டும். உயரம் 100 அடிக்குள், திசை 10 டிகிரிக்குள். திரையைப் பார்த்தே பறந்து பழகிய கைகளுக்கு இது கஷ்டம், அதனால் அங்கே இருக்கும்போதே வாரம் ஒரு முறை திரையை அணைத்துவிட்டுப் பழகுங்கள். அமெரிக்காவில் விமான வாடகை குறைவு, இந்தப் பழக்கத்தை அங்கேயே முடித்துக்கொண்டு வாருங்கள்.

அப்புறம் சின்னச் சின்னதாக நிறைய இருக்கும். உயரம் காட்டும் ஆல்டிமீட்டரில் காற்றழுத்தம் அங்குலத்தில் இல்லை, ஹெக்டோபாஸ்கலில். டிரான்சிஷன் ஆல்டிட்யூட் (ஆல்டிமீட்டரை எல்லோருக்கும் பொதுவான அழுத்தத்துக்கு மாற்றும் உயரம்) அங்கே எங்கும் 18,000 அடி, ஜெர்மனியில் 5,000, ஆக ஏறிய கொஞ்ச நேரத்திலேயே 1013க்கு மாற்ற வேண்டும், முதல் பத்து ஃப்ளைட்டில் எல்லோரும் மறப்பார்கள். விஎஃப்ஆர் (வெளியே பார்த்துப் பறக்கும்போது) ரேடாருக்குக் காட்டும் எண்ணான ஸ்குவாக் 1200 இல்லை, 7000.

செங்குத்து:

ஜெர்மனி என்றதால் எழுதுகிறேன். ஏர்லைன் போகிறவர்களின் லைசென்ஸை பிரவுன்ஷ்வைக்கில் உள்ள எல்பிஏ (ஜெர்மன் விமானத் துறை அலுவலகம்) தரும். அவர்கள் லைசென்ஸ் வேண்டுமென்றால் விமானப் பாதுகாப்புச் சட்டப்படி பின்னணிச் சோதனை ஒன்று உண்டு, வெளிநாட்டில் வாழ்ந்தவருக்கு அதற்கான காகிதம் சேர்க்கவே நேரம் பிடிக்கும், போய் இறங்கிய வாரமே விண்ணப்பம் போடுங்கள். எஃப்ஏஏ லைசென்ஸ் உண்மையானதுதான் என்ற சான்றையும் கேட்பார்கள், அதற்கு ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்ஏஏ அலுவலகத்துக்கு அமெரிக்காவில் இருக்கும்போதே எழுதிவிடலாம்.

13 தாளும் ஒரே நாட்டின் கீழ்தான் எழுத வேண்டும், நடுவில் மாற முடியாது. முதல் தாள் எழுதிய மாதக் கடைசியிலிருந்து 18 மாதத்துக்குள் முடிக்க வேண்டும், ஒரு தாளுக்கு நான்கு முயற்சி. இங்கிலாந்தில் எழுதலாம், மொழி சுலபம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், 2021 ஜனவரியிலிருந்து அது தனி லைசென்ஸ், இங்கே செல்லாது.

ஓடுபாதை27:

லைசென்ஸ் வந்த பிறகும் ஏர்லைன் வாசலில் இன்னும் இரண்டு கேட்பார்கள். எம்சிசி (இரு விமானிகள் சேர்ந்து பறக்கும் பயிற்சி) ஒன்று, அட்வான்ஸ்டு யூபிஆர்டி இன்னொன்று. இரண்டாவது என்பது விமானம் நிலைகுலைந்தால் மீட்டெடுக்கும் பயிற்சி, 5 மணி வகுப்பு, 3 மணி பறத்தல். 2019 டிசம்பரிலிருந்து முதல் மல்டி பைலட் டைப் ரேட்டிங்குக்கு (இரு விமானிகள் ஓட்டும் விமான வகைக்கான அனுமதி) முன் கட்டாயம். பட்ஜெட்டில் இப்போதே சேர்த்துவிடுங்கள், பலர் சிபிஎல்லோடு பணம் தீர்ந்து இந்த இடத்தில் ஒரு வருடம் நிற்கிறார்கள், அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

ஆங்கிலம்: எஃப்ஏஏ லைசென்ஸில் இங்கிலீஷ் ப்ரொஃபிஷியன்ட் என்று மட்டும்தான் இருக்கும், லெவல் இருக்காது. இங்கே லெவல் டெஸ்ட் ஒன்று எழுதிவிடுங்கள். 6 கிடைத்தால் வாழ்நாளுக்கும் போதும், 4 என்றால் நான்கு வருடத்துக்கு ஒரு முறை.

குறுக்குக்காற்று:

எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். ஓக்லஹோமாவுக்கு இன்றைக்கே கடிதம் போட்டாயிற்று. ஏப்ரலில் வீடு பார்க்க ஒரு வாரம் ஜெர்மனி போகிறோம், அந்த வாரத்திலேயே கிளாஸ் 1 மெடிக்கலுக்கு நேரம் கேட்டிருக்கிறேன், லைசென்ஸும் அங்கேதான் என்று முடிவு. அதுவரை ஒவ்வொரு சனிக்கிழமையும் காகித வரைபடத்தோடு பறக்கப் போகிறேன். ஐஎஃப்ஆர் மணியை எண்ண ஆரம்பித்துவிட்டேன், இரண்டாவது லாக்புக்கில் பாதிவரை வந்திருக்கிறேன், இப்போதைக்கு 38.