சேலம் – கன்னியாகுமரி கரையோரம், கேம்பர் வேனில் 5 நாள்: முடியுமா?

அஸ்தம்பட்டிவாசி:
பொங்கல் கூட்டம் கழிந்து ஜனவரி கடைசியில் கிளம்ப எண்ணம். மொத்தம் 5 பேர். அதில் 2 குழந்தைகள், 70 வயது அம்மா. வாடகைக்குப் பார்த்திருப்பது டெம்போ டிராவலரில் கட்டிய கேம்பர் (உள்ளேயே படுத்து, சமைத்துக்கொள்ளும் வண்டி), மஞ்சள் போர்டு. 100 லிட்டர் தண்ணீர் டேங்க், 12 வோல்ட் 200 ஏ.எச். (ஆம்பியர்-அவர்) லித்தியம் பேட்டரி, 1 டன் ஏ.சி., கேசட் டாய்லெட் (கழிவுப் பெட்டியைக் கழற்றிக் கொட்டும் கழிப்பறை) உண்டு. பாண்டிச்சேரி, வேளாங்கண்ணி, ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி போய் மதுரை வழியாகத் திரும்பலாமா? இரவில் எங்கே நிறுத்துவது? ஏ.சி. ராத்திரி முழுக்க ஓடுமா?

ஆத்தூர் ரோடு:
கன்னியாகுமரியை இந்த முறை விட்டுடுங்க. நீங்க சொன்ன சுற்று 1,400 கி.மீ.க்கு மேல் வரும். கரையோரச் சாலையில் ஊருக்கு ஊர் வேகத்தடை, கடைத்தெரு. கேம்பரில் மணிக்கு சராசரி 40 கிடைத்தாலே அதிகம். அம்மாவுக்கு உட்கார்ந்தே இடுப்பு போயிடும். ராமேஸ்வரத்தோடு திரும்பினால் 1,100க்குள் அடங்கும்.

முதல் நாள் ஆத்தூர், உளுந்தூர்பேட்டை, விருத்தாசலம் வழியாக சிதம்பரம். நேரமிருந்தால் பிச்சாவரம் படகு. அடுத்த நாள் தரங்கம்பாடியில் 1620ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, நாகூர், வேளாங்கண்ணி. மூன்றாம் நாள்தான் நீளம், ராமேஸ்வரம் வரை ஏறக்குறைய 250 கி.மீ. விடியலில் கிளம்பணும். நான்காம் நாள் காலையிலேயே தனுஷ்கோடி. மாலைக்குப் பிறகு அங்கே இருக்க விடமாட்டாங்க. ஐந்தாம் நாள் மதுரை வழியே 400 கி.மீ., பெரும்பகுதி நல்ல நாலு வழிச்சாலை.

பர்மிட்டை முன்பணம் கொடுக்கும் முன்பே பாருங்க. பாண்டிச்சேரி மட்டுமல்ல, தரங்கம்பாடி தாண்டியதும் வரும் காரைக்காலும் யூனியன் பிரதேசம். அகில இந்திய சுற்றுலா பர்மிட் இருந்தால் கவலையில்லை. தமிழ்நாடு பர்மிட் மட்டும்தான் என்றால் தனி பர்மிட், வரி கட்டாமல் உள்ளே போகக்கூடாது. அப்போ மயிலாடுதுறை, பேரளம், திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் போயிடுங்க.

தனுஷ்கோடி சாலை முடியும் அரிச்சல்முனையில் தார் விளிம்பை விட்டு ஒரு சக்கரம்கூட இறக்க வேண்டாம். மேலே கெட்டியாகத் தெரியும், அடியில் பொடிமணல். பின்சக்கரம் புதைந்தால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஆழம்தான் போகும்.

ஏ.சி.மெக்கானிக்_சூரமங்கலம்:
கணக்கு எளிது. அந்த பேட்டரி முழுசா சார்ஜ் ஆனால் 2.5 யூனிட் சொச்சம். 1 டன் ஏ.சி. மணிக்கு 1 யூனிட் இழுக்கும். இன்வெர்ட்டர் இழப்பு போக 2 மணி நேரம்தான். ஆகவே கடற்கரையில் நிறுத்திப் படுக்கும் எண்ணம் வேண்டாம், பாதுகாப்பும் இல்லை. லாட்ஜில் ஒரு ரூம் எடுத்து, பார்க்கிங்கில் 15 ஆம்பியர் பிளக் கிடைக்குமா என்று போனிலேயே கேளுங்க. அம்மா ரூமில் படுக்கட்டும், குளியலும் அங்கேயே முடியும். அப்படியென்றால் 100 லிட்டர் 2 நாள் வரும். குடிக்க 20 லிட்டர் கேன் தனி.

கேசட்டை 2 நாளுக்கு ஒருமுறை கழிப்பறையில் கொட்டிக் கழுவணும். ஆசிட் ஊற்றாதீங்க, ரப்பர் சீல் வெந்து, வளைவில் கசியும். கேஸ் சிலிண்டர் வைத்த பெட்டிக்கு அடிமட்டத்தில் துவாரம் இருக்கணும், கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். ஓடும்போது ரெகுலேட்டர் மூடியே இருக்கட்டும்.

அஸ்தம்பட்டிவாசி:
நன்றி. ராமேஸ்வரத்தோடு நிறுத்திக்கிறோம். வாடகை வண்டியின் பிரேக்கை எப்படி நம்புவது?

அடிவாரம்:
ஏற்காட்டை விட நல்ல பரீட்சை வேறில்லை. தண்ணீர் டேங்க் நிரப்பி, வார நாளில் விடியலில் ஏற்றுங்க. 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கும்போது 2வது கியரை விடாதீங்க. அடிவாரத்தில் நிறுத்தி, தொடாமல், ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோங்க. முன்னால் இரண்டும், பின்னால் இரண்டும் இடது வலது ஒரே மாதிரி சுட்டால் சரி. ஒன்று மட்டும் அனலடித்து, கருகிய வாடை வந்தால் அந்த பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது. மிதி மெத்தென்று உள்ளே போனால் பழைய பிரேக் ஆயிலில் ஈரம் ஏறி, கொதித்திருக்கிறது. ஆயிலை மாற்றாமல் வண்டியை எடுக்க வேண்டாம்.

பேட்டரி எர்த் வயர் சேஸிஸில் சேரும் போல்ட்டையும் குனிந்து பாருங்க. பச்சைக் களிம்பு பூத்திருந்தால் கழற்றி, உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, முறுக்கி வாசலைன் தடவச் சொல்லுங்க. விட்டால் வோல்ட்டேஜ் இறங்கி பிரிட்ஜ் தானாக அணையும்; பேட்டரி போச்சு என்றே நினைப்பீங்க. தனுஷ்கோடியிலிருந்து திரும்பிய அன்றே, ராமநாதபுரம் தாண்டும் முன், ஒட்டிய கடல் உப்பு போக அடிப்பக்கம் நல்ல தண்ணீரில் வாட்டர் வாஷ் போடுங்க.