பென்சில் பேட்டரி காட்டிக்கொடுத்த பிழை

முன்கதவுகளுக்கு ஆறரை அங்குல காம்பொனென்ட் ஸ்பீக்கர்களைப் (தாழ்ந்த ஒலிக்கும் உயர்ந்த ஒலிக்கும் தனித்தனி ஸ்பீக்கர் கொண்டவை) பொருத்திக்கொண்டு வீடு திரும்பும் வழியிலேயே, காரோடு வந்த பழைய ஸ்பீக்கர்களே மேல் என்று எனக்குத் தோன்றிவிட்டது. மிருதங்கத்தில் வலந்தலை பளிச்சென்று கேட்டது. தொப்பியின் கும்கியைத்தான், அதாவது இடப்பக்கத்திலிருந்து வரும் அந்தக் கனமான தாழ்ந்த நாதத்தைத்தான், காணவில்லை. ஓட ஓடச் சரியாகிவிடும் என்று கடையில் சொன்னார்கள். இரண்டு மாதம் ஓட்டியும் சரியாகவில்லை.

தற்செயலாக ஒரு நாள் பேலன்ஸை முழுவதும் வலப்பக்கம் திருப்பியபோது, ஒற்றைக் கதவிலிருந்து வந்த பாஸ் (தாழ்ந்த ஒலி) இரண்டு கதவுகளும் சேர்ந்து தந்ததைவிடக் கனமாக இருந்தது. இரண்டு ஸ்பீக்கர்களின் கூம்புகளும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் அசைந்தால் மட்டுமே இப்படி நேரும் என்பதால், கதவு ட்ரிம்மைக் கழற்றி, ஸ்பீக்கரை இணைப்பிலிருந்து விடுவித்து, டிவி ரிமோட்டிலிருந்து எடுத்த 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையை ஸ்பீக்கரின் நேர்முனையிலும், எதிர்முனையை எதிர்முனையிலும் ஒரு கணம் தொட்டுப் பார்த்தேன். கூம்பு வெளியே தள்ளியது. ஆக, ஸ்பீக்கரில் குறையில்லை. இடக்கதவுக்கு வரும் வயரைத்தான் தலைகீழாக மாட்டியிருந்தார்கள்.

அதைத் திருத்தியதும் கும்கி திரும்பிவிட்டது. ட்ரிம்மைக் கழற்றியதுதான் கழற்றினோம் என்று, உட்தகட்டில் இருந்த பெரிய துளைகளையும் பியூட்டைல் தாளால் (ரப்பர் போல ஒட்டும் தாள்) மூடினேன். அவை திறந்திருந்தால் கூம்பின் பின்பக்க ஒலி முன்னே வந்து கலந்து, பாஸைத் தின்றுவிடும். கதவின் அடியில் உள்ள மழைநீர் வடியும் துளைகளை மட்டும் மறந்தும் அடைத்துவிடாதீர்கள், கதவு துருப்பிடித்துவிடும்.

கடைசியாக டைம் அலைன்மென்ட், அதாவது இரண்டு பக்க ஒலியும் ஒரே நேரத்தில் காதை அடையும்படி அருகில் உள்ளதைச் சற்றுத் தாமதிப்பது. ஓட்டுநர் இருக்கையில் என் தலை இருக்கும் இடத்திலிருந்து டேப் வைத்து அளந்ததில் வலது ஸ்பீக்கர் 90 சென்டிமீட்டர், இடது 140 சென்டிமீட்டர் தொலைவில் இருந்தன. ஒலி ஒரு மில்லிவினாடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் செல்வதால், வலதுபக்கத்துக்கு 1.5 மில்லிவினாடி தாமதம் கொடுத்தேன்; அதுவரை என் முழங்காலருகே பாடிக்கொண்டிருந்தவர் எழுந்து டாஷ்போர்டின் நடுவில் வந்து அமர்ந்துகொண்டார். பக்கத்து இருக்கையில் இருக்கும் என் மனைவிக்கு மட்டும் இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

மறுமொழி

மேலே எழுதிய நண்பருக்கு வணக்கம். என் காரில் குறை வேறு மாதிரி இருந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஒரு கீச்சொலி ஏறிக்கொண்டே போனது. ஆம்ப்ளிஃபையரின் எர்த் வயரைப் பெயின்ட் அடித்த தகட்டின் மேலேயே முடுக்கியிருந்தார்கள்; பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் உலோகத்தில் இறுக்கியதும் கீச்சொலி நின்றது. உள்ளே வரும் சிக்னலின் அளவுக்கு ஆம்ப்ளிஃபையரைப் பொருத்தும் கெயின் திருகையும், ஒலியளவுக்கான திருகு என்று நினைத்து முழுக்கத் திருப்பி வைத்திருந்தேன். அதைக் குறைத்துவிட்டு, கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் (அதற்குக் கீழான ஒலியைக் குறைக்கும் வடிகட்டி) வைத்த பிறகு கரகரப்பும் போய்விட்டது. டிக்கியில் சப்வூஃபர் (மிகத் தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) இருப்பதால் பின்பக்க நம்பர் பிளேட் இன்னும் அதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்கு உங்களில் யாரேனும் வழி கண்டிருந்தால் எழுதுங்கள்.