முறிவுத் தகட்டில் துளைகளைக் காலியாக விடுவது ஏன்?

கேள்வி:
தொடை எலும்பு பல துண்டுகளாக நொறுங்கிய ஒருவரின் எக்ஸ்-ரே படத்தில், எலும்பைச் சேர்த்துப் பிடிக்கப் பொருத்திய உலோகத் தகட்டின் நடுவே மூன்று துளைகள் திருகாணி இல்லாமல் இருந்தன. எல்லாத் துளைகளிலும் திருகினால் பிடிப்பு மேலும் உறுதியாகாதா?

பதில் 1:
உறுதியாகும், சிக்கலும் அதுதான். முறிவை ஒட்டி இருபுறமும் திருகினால், நடக்கும்போது தகட்டில் ஏற்படும் வளைவு முழுவதும் ஒரு சிறு பகுதியில் குவிந்து, உலோகம் களைப்புற்று அங்கேயே உடையக்கூடும். துளைகளைக் காலியாக விட்டால் அந்த வளைவு நீண்ட பகுதியில் பரவுகிறது.

பதில் 2:
எலும்பு முறிவு ஆய்வாளர் பெர்ரனின் திரிபுக் கோட்பாட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திரிபு என்பது முறிவின் அசைவை இடைவெளியால் வகுத்தால் வரும் விகிதம். 1 மி.மீ. இடைவெளியில் 0.5 மி.மீ. அசைவு என்றால் திரிபு 50%. அதே அசைவு, துண்டுகளுக்கிடையே மொத்தம் 10 மி.மீ. இடைவெளியில் பகிரப்பட்டால் 5% மட்டுமே. குருத்தெலும்பு ஏறத்தாழ 10 சதவீதத்தையும் முதிர்ந்த எலும்பு 2 சதவீதத்தையும் தாங்கும் என்பதால், நொறுங்கிய முறிவில் சிறிய அசைவு புத்தெலும்பு வளர உதவுகிறது. ஒற்றைக் கோட்டு முறிவு வேறு கதை. தகடு பொருத்துவதானால் அங்கே முனைகளை அழுத்தி இணைப்பதே முறை.

பதில் 3:
தகட்டுக்குப் பதிலாக எலும்புக்குள் செலுத்தும் உலோகத் தண்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. திண்மத் தண்டின் வளைவு எதிர்ப்பு விட்டத்தின் நான்காம் படியைச் சார்ந்தது, 10 மி.மீ. தண்டு 11 ஆனால் எதிர்ப்பு சுமார் 46% கூடுகிறது.