தனியாகப் பாரிஸ் போகிறேன், போய்வந்த அக்காமார் கொஞ்சம் சொல்லுங்களேன்

கேள்வி:
எனக்கு 23 வயது, கோவையில் வேலை. செப்டம்பரில் ஒரு வாரம் பாரிஸ், முதல் வெளிநாட்டுப் பயணமே தனியாகத்தான். விசா வந்துவிட்டது, பெண்கள் மட்டும் தங்கும் ஹாஸ்டலில் இடமும் போட்டாச்சு. அம்மாவுக்குத்தான் தூக்கமில்லை. உண்மையில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்? விமானம் இரவு 9 மணிக்கு இறங்குகிறது, அதுதான் பெரிய கவலை.

பதில் 1:
இரவில் இறங்குவதால் அன்றைக்கு மட்டும் ரயில் வேண்டாம் தங்கச்சி. சார்ல் த கோல் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர டாக்சிக்கு அரசே கட்டணம் நிர்ணயித்திருக்கிறது. சேன் ஆற்றுக்கு வடகரை என்றால் ஒரு தொகை, தென்கரை என்றால் கொஞ்சம் கூட. வெளியே வரும்போதே பக்கத்தில் வந்து "டாக்சி?" என்று கேட்பவர்களோடு போகவே போகாதே. டாக்சி வரிசையில் போய் நில்.

பதில் 2:
என் போன் போன கதையைச் சொல்கிறேன். மெட்ரோவில் கதவோர இருக்கையில் உட்கார்ந்து மேப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு மூடப்போகும் ஒலி கேட்டது, ஒரு கை வந்தது, போன் இல்லை. அவன் பிளாட்பாரத்தில் நடந்து போவது கண்ணாடி வழியாகத் தெரிகிறது, வண்டி கிளம்பிவிட்டது. தங்கும் இடத்தின் முகவரி அந்தப் போனில்தான் இருந்தது! அதனால் முகவரி, அம்மா நம்பர், இன்சூரன்ஸ் நம்பர் மூன்றையும் தாளில் எழுதி இரண்டு இடத்தில் வை.

அப்புறம் மோமார்த்தர் குன்றில் சாக்ரே கேர் தேவாலயத்துக்கு ஏறும் படிகளில் வண்ணக் கயிறோடு நிற்பார்கள். சிரித்துப் பேசிக்கொண்டே மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுவிட்டுக் காசு கேட்பார்கள். கையைக் கட்டிக்கொள், நிற்காமல் நட. யாராவது பேசினால் நின்று பதில் சொல்வதுதான் மரியாதை என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள், அங்கே அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். பதில் சொல்லாமல் போனால் தப்பே இல்லை, நிஜமாகச் சொல்கிறேன்.

பதில் 3:
நான் பாரிஸில்தான் இருக்கிறேன் தங்கச்சி. ரயிலில் எவனாவது உரசினாலோ பின்தொடர்ந்தாலோ 3117க்கு அழையுங்கள், பேச முடியாவிட்டால் 31177க்கு எஸ்எம்எஸ். மற்ற எல்லா அவசரத்துக்கும் 112. பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு, 16ஆம் வட்டாரத்திலுள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும். அவசரச் சான்றிதழ் தருவார்கள், ஆனால் அதை வைத்து இந்தியா திரும்ப மட்டும்தான் முடியும். அதனால் அசல் பாஸ்போர்ட்டை ஹாஸ்டல் லாக்கரில் பூட்டிவிட்டு நகலோடு சுற்றுங்கள்.

கார் து நோர் ரயில் நிலையத்தை ஒட்டி லா ஷப்பேல் இருக்கிறது, தெரு முழுக்க ஈழத்தமிழர் கடைகள், பலகைகூடத் தமிழில். என்ன ஆனாலும் அங்கே ஒரு கடைக்குள் நுழைந்து தமிழில் உதவி கேட்கலாம். பகலில் வாருங்கள், ராத்திரி அந்த நிலையத்தைச் சுற்றித் தனியாக நிற்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி அக்கா. அம்மாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன், லா ஷப்பேல் வந்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது. தினமும் பாரிஸ் நேரம் இரவு 7 மணிக்கு, நம் ஊரில் 10.30, ஒரு வரி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். தாளில் முகவரியை இப்போதே எழுதிவிட்டேன்.