மகளுக்கு ஆஸ்துமா வருமா? யாருக்கு வருகிறது, எதனால் வருகிறது?

செங்காங் அம்மா:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு மூன்றரை வயதாகிறது. ஆறாம் மாதத்திலிருந்தே அவளுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் அரிப்பு) இருக்கிறது. இந்த ஆண்டில் மூன்று முறை, சளி பிடித்த இரவுகளில், அவள் மூச்சு விடும்போது விசில் போன்ற ஒலி கேட்டது. பலதுறை மருந்தகத்தில் இன்ஹேலரும், அதன் மருந்தைக் குழந்தை எளிதாக உள்ளிழுக்க உதவும் ஸ்பேசர் என்ற குழலும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஆஸ்துமா என்று இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை.

எனக்கும் பத்து வயது வரை மூச்சிளைப்பு இருந்தது. அதனால் இது என் வழியாக வந்தது என்று வீட்டில் பேச்சு எழுகிறது. இந்தியர்களுக்கு இந்நோய் அதிகம் என்கிறார்கள். ஏர்கான் அறையில் படுப்பதுதான் காரணம் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை நான் போடும் சாம்பிராணியையும் குறை சொல்கிறார்கள். என் கணவர் மரச்சாமான் பட்டறையில் பெயின்ட் ஸ்ப்ரே அடிக்கும் வேலையில் இருக்கிறார். சில மாதங்களாக அவருக்கும் இரவில் இருமல் இருப்பதால், தொற்றாக இருக்குமோ என்றும் அஞ்சுகிறேன். இவற்றில் எது உண்மை?

ஓய்வுபெற்ற தாதி, தோ பாயோ:

அன்புச் சகோதரி, இருபது ஆண்டுகளுக்கு மேல் குழந்தைகள் பிரிவில் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். ஆஸ்துமா தொற்றுநோய் அன்று. அந்த அச்சத்தை முதலில் விடுங்கள். அடுத்து, நோயை உருவாக்குவது எது, ஏற்கெனவே இருக்கும் நோயைக் கிளறிவிடுவது எது என்ற இரண்டையும் பிரித்துப் பாருங்கள். சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்திப் புகையும் பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. மகள் படுக்கும் அறையில் புகை போடாமல், அவள் வெளியே சென்றிருக்கும் நேரத்தில் சன்னல்களைத் திறந்துவைத்துப் போடலாம். சிகரெட் புகை அப்படியன்று. கருவில் இருக்கும்போதும் பிறந்த பிறகும் அதைச் சுவாசிக்கும் குழந்தைகளுக்கு நோய் உருவாகும் வாய்ப்பே கூடுகிறது.

பரம்பரை என்பது உண்மைதான். தாய்க்கோ தந்தைக்கோ ஆஸ்துமா இருந்தால் வாய்ப்புக் கூடும், இருவருக்கும் இருந்தால் இன்னும் கூடும். ஆனால் அது யாருடைய குற்றமும் இல்லை. தன் கண்ணின் நிறத்தைப் பிள்ளைக்குக் கொடுத்ததற்காக எந்தத் தாயையும் யாரும் குறை சொல்வதில்லை. கரப்பானில் தொடங்கி, மூக்கடைப்பும் தும்மலும் சேர்ந்து, பிறகு மூச்சுக்குழாய்க்கு வருவது ஒவ்வாமை உடல்வாகு உள்ள பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படும் வரிசை. குறைமாதத்தில் பிறந்தவர்கள், எடை குறைவாகப் பிறந்தவர்கள், கைக்குழந்தைப் பருவத்தில் கடுமையான நெஞ்சுச்சளிக்கு ஆளானவர்கள் ஆகியோருக்கும் வாய்ப்பு அதிகம். சிறுவயதில் பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கே இது கூடுதலாக வருகிறது; பருவம் அடைந்த பிறகு அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்.

ஆறுதலுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை: அமெரிக்காவின் டூசான் நகரில் 1980இல் தொடங்கி, குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. மூன்று வயதுக்குள் மூச்சிளைப்பு வந்த பிள்ளைகளில் ஏறத்தாழப் பத்தில் ஆறு பேருக்கு ஆறு வயதில் அது இருக்கவில்லை. உங்கள் மகளுக்குக் கரப்பானும் இருக்கிறது, தாயின் வரலாறும் இருக்கிறது என்பதால், நீடிக்கக்கூடிய பிரிவில் அவள் இருக்கலாம் என்று எண்ணி மருத்துவர் தொடர்ந்து கவனிப்பார். நீடிக்குமா, மறையுமா என்று இன்னும் தெரியாததால்தான் இப்போதே ஆஸ்துமா என்று பெயர் சூட்டாமல் இருக்கிறார்.

ஏர்கான் நோயை உண்டாக்குவதில்லை. அதன் வடிகட்டியைக் கழுவாமல் விடுவதுதான் கெடுதல். சிங்கப்பூரில் உண்மையான எதிரி மெத்தையில் இருக்கிறது. நம் ஊரின் ஈரப்பதத்தில், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் ஆண்டு முழுவதும் பெருகுகின்றன; வெப்பமண்டலத்துக்கே உரிய பிளோமியா டிராப்பிகாலிஸ் என்ற வகைக்கு இங்கே பலர் ஒவ்வாமை உடையவர்கள். விரிப்புகளையும் தலையணை உறைகளையும் வாரம் ஒருமுறை 60 பாகை வெந்நீரில் துவையுங்கள். கட்டிலில் குவிந்திருக்கும் பஞ்சுப் பொம்மைகளில் ஒன்றை மட்டும் விட்டுவைத்து, அதையும் சேர்த்துத் துவையுங்கள்.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்:

இனத்தைப் பற்றிய கேள்விக்கு என் பதில். சிங்கப்பூரில் நடந்த ஆய்வுகளில் சீனர்களைவிட மலாய்க்காரர்களிடமும் இந்தியர்களிடமும் ஆஸ்துமா கூடுதலாகக் காணப்பட்டது உண்மை. ஆயினும் அதை இரத்தத்தோடு மட்டும் முடிச்சுப் போடக்கூடாது. 2016இல் வெளியான ஓர் ஆய்வு அமெரிக்காவின் ஆமிஷ், ஹட்டரைட் என்ற இரு வேளாண் சமூகங்களை ஒப்பிட்டது. இரண்டும் மத்திய ஐரோப்பாவிலிருந்து வந்தவை; மரபணுவிலும் மிக நெருக்கமானவை. ஆனால் ஆமிஷ் பிள்ளைகளில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கும் ஹட்டரைட் பிள்ளைகளில் ஏறத்தாழ 21 விழுக்காட்டினருக்கும் ஆஸ்துமா இருந்தது. முன்னவர்கள் வீட்டை ஒட்டிய தொழுவத்தில் மாடும் குதிரையும் வளர்ப்பவர்கள்; பின்னவர்களின் பண்ணைகள் இயந்திரமயமானவை, வீட்டிலிருந்து தள்ளியிருப்பவை. ஊரிலிருந்து புலம்பெயர்ந்தவர்களுக்கும், புதிய நாட்டில் ஆண்டுகள் கூடக்கூட ஆஸ்துமா வாய்ப்பும் கூடுவதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள்.

ஆனால் உங்கள் பதிவில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது மகளின் செய்தி அன்று, கணவரின் இருமல். நான் பதினோரு ஆண்டுகள் ஸ்ப்ரே பெயின்ட் வேலை செய்தவன். இரண்டு டின்களைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயின்ட்டின் ஹார்டனரில் (பெயின்ட்டை இறுகச் செய்யும் கலவையில்) ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கும். மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில்கூட ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, ஒரு கட்டத்தில் உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிடும். அதன் பிறகு மிகச் சிறிய அளவே மூச்சை அடைக்கப் போதும். எனக்கு வேலை நேரத்தில் ஒன்றும் தெரியாது. இரவு பதினொரு மணிக்கு மேல்தான் இருமல் தொடங்கும். காகித முகக்கவசம் அந்த ஆவியைத் தடுக்காது. குடும்பத்தில் யாருக்கும் ஆஸ்துமா இல்லாத எனக்கு 41 வயதில் அது வந்தது. பேக்கரி மாவு, மரத்தூள், ஈயப்பற்றுப் புகை ஆகியவற்றில் வேலை செய்வோருக்கும் இப்படி வரலாம். விடுமுறையில் அவருடைய இருமல் குறைகிறதா என்று பாருங்கள்.

செங்காங் அம்மா:

இருவருக்கும் மிக்க நன்றி. அண்ணன் எழுதியதைப் படித்தபின் யோசித்துப் பார்த்தேன். தீபாவளிக்குத் திருச்சி சென்று இரண்டு வாரம் தங்கியிருந்தோம். அங்கே ஊதுவத்தி, வெடிப்புகை எல்லாம் இருந்தும் அவர் ஓர் இரவுகூட இருமவில்லை. திரும்பி வந்து வேலைக்குப் போன மூன்றாம் நாள் மறுபடியும் தொடங்கியது. வியாழக்கிழமை மருத்துவரிடம் முன்பதிவு செய்திருக்கிறேன். வேலையை உடனே விட்டுவிடலாமா என்று என் கணவர் கேட்கிறார்.

ஓய்வுபெற்ற தாதி, தோ பாயோ:

பரிசோதனைக்கு முன் அவராக வேலையை விட வேண்டாம், சகோதரி; விட்டுவிட்டால் காரணத்தை நிறுவுவது கடினமாகிவிடும். ஆனால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடவும் கூடாது. மூச்சுத்திணறல் கடுமையானால் வியாழன் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூச்சை எவ்வளவு வேகமாக வெளிவிட முடிகிறது என்று ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு கருவியைக் கொடுப்பார்கள். வேலை நாள்களிலும் விடுமுறை நாள்களிலும் ஒரு நாளைக்கு நான்கு முறையாவது ஊதி, எண்ணையும் நேரத்தையும் சில வாரங்களுக்குக் குறித்துவர வேண்டும். அவர் பயன்படுத்தும் பெயின்ட், ஹார்டனர் டின்களின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். வேலையால் வரும் ஆஸ்துமா, மனிதவள அமைச்சிடம் தெரிவிக்கப்பட வேண்டிய தொழில்சார் நோய்களில் ஒன்று. எனவே முதலாளிக்கு அஞ்சி மருத்துவரிடம் எதையும் மறைக்க வேண்டியதில்லை. அதே நாளில் மகளின் இன்ஹேலரையும் ஸ்பேசரையும் எடுத்துச் சென்று, நீங்கள் கொடுக்கும் முறை சரியா என்று தாதியிடம் செய்து காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.